பின்சக்கரம் பிடித்து வாழ்வது எப்படி

நிபோங் திபாலில் குளிர்காலம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிசம்பர் விடியற்காலையில் வெப்பமானி 24 பாகையில் நிற்கும்போதே சைக்கிள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் "செம குளிரு பாஸ்" என்று செய்தி வந்துவிடும். ஐரோப்பாவில் பனி கொட்டும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்குள்ள ஓட்டிகள் மெதுவாக, நீண்ட நேரம் ஓட்டிக் காலுக்கு அடித்தளம் போடுகிறார்கள். அந்த அட்டவணையை நம் ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள், "மெதுவாக" என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு. 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயம் முதல் சில காலம் ஆண்டின் தொடக்க மாதங்களில்தான் நடந்தது. ஐரோப்பிய அணிகளுக்கு அது வசதி. அவர்கள் தங்கள் குளிருக்குத் தப்பி இங்கே வந்தார்கள். நாம் இங்கே இருந்துகொண்டே அவர்களுடைய குளிரில் பயிற்சி எடுக்கிறோம்.

உங்கள் சங்கம் எது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஞாயிறு காலை ஆறரை மணி, ஆற்றைத் தாண்டிப் பாரிட் புந்தார், பாகான் செராய், முடிந்தால் கோலா குராவ், திரும்பி வரும்போது பண்டார் பாருவில் ஒரு எட்டு. பினாங்கு, பேரா, கெடா என்று பசியாறுவதற்குள் மூன்று மாநிலம் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சுற்றில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது எப்படி என்பதுதான் பாடம். நீங்கள் ஏற்கெனவே பாதி தேறியவர். மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. சனிக்கிழமை இரவே வேகத்தை அறிவியுங்கள்.

குழுவில் இப்படி எழுதுங்கள்: "நாளைக்கு ரிலாக்ஸ் ரைடுதான். 26, 27 போதும். யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம். புதுசா வர்றவங்களும் வரலாம்." பக்கத்தில் ஒரு கும்பிடு போடுங்கள். படிக்கிற ஒவ்வொருவரும் இதை 34 என்று சரியாகப் புரிந்துகொள்வார்கள். புரியாதவர் அந்தப் புதியவர் ஒருவர்தான். அவரைப் பிறகு கவனிப்போம்.

2. சாக்கை முன்பணமாகக் கட்டிவிடுங்கள்.

பின்தங்கிய பிறகு சொல்லும் சாக்குக்குச் சந்தையில் மதிப்பில்லை. கூடும் இடத்துக்கு வந்ததும், ஹெல்மெட் வாரைப் பூட்டுவதற்கு முன்பே, சத்தமாகச் சொல்லுங்கள்: "ராத்திரி பூரா தூக்கமே இல்லண்ணே, சின்னவனுக்குக் காய்ச்சல்." "முட்டி இன்னும் சரியாகல." "தீபாவளி முறுக்கு இன்னும் டின்லயே இருக்கு, அதான் இப்படி." இதில் இரட்டை லாபம் உண்டு. பின்தங்கினால் பரிதாபம். பின்தங்காவிட்டால், "முட்டி வலியோடயே இந்த ஓட்டு ஓட்றாரே" என்ற புகழ். அடுத்தவர் தன் சாக்கைச் சொல்லும்போது தலையை மட்டும் ஆட்டுங்கள். கேட்க வேண்டாம். அவரும் உங்களுடையதைக் கேட்கவில்லை.

3. எல்லாரும் புறப்படத் தயாரான பிறகு டயருக்குக் காற்று அடிக்கத் தொடங்குங்கள்.

பம்ப் கொண்டுவராமல் இருப்பது உத்தமம்.

4. விளக்கை ஆயுதமாகப் பழகுங்கள்.

1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. சூரியனுக்குச் சுற்றறிக்கை போகவில்லை. ஜனவரிக் கடைசியில் நம் பக்கம் அது ஏழரை மணிக்குத்தான் எழுந்திருக்கிறது. ஆறரைக்குக் கிளம்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருட்டும் அரையிருட்டும் உங்கள் கையில். பின்விளக்கை இருப்பதிலேயே கொடூரமாக மின்னும் நிலையில் வைத்து, பின்னால் வருபவரின் கண் உயரத்துக்குச் சாய்த்துவிடுங்கள். பாரிட் புந்தார் வருவதற்குள் அவருக்குச் சாலையும் தெரியாது, உங்கள் சக்கரமும் தெரியாது, கண்ணுக்குள் சிவப்புப் பூச்சிகள் மட்டும் பறக்கும். முன்விளக்குக்கு மின்னேற்ற மறந்துவிடுங்கள். முன்னால் போகிறவரிடம்தான் ஒன்று இருக்கிறதே.

5. கிரியான் ஆற்றுப் பாலத்தில் எழுந்து நின்று மிதியுங்கள்.

நம் சுற்றில் மேடு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். புறப்பட்டுச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும், யாருக்கும் கால் சூடாகியிருக்காது, ஒருவர் இன்னும் கையுறையை மாட்டிக்கொண்டிருப்பார். அதுதான் சரியான தருணம். உச்சியில் திரும்பிப் பார்த்து, "அட, யாரும் வரலையா?" என்று வியப்படையுங்கள்.

6. அரைச் சக்கரம் முந்துங்கள்.

பாடத்தின் இதயம் இதுதான். மெதுவாகப் படியுங்கள்.

இருவர் இருவராகப் போகும்போது பக்கத்தில் இருப்பவரோடு கைப்பிடி நேராக ஓட்டுவது மரியாதை. நீங்கள் அரைச் சக்கரம் முன்னால் இருங்கள். அதிகம் வேண்டாம். ஒரு முழம் போதும். அவர் சும்மா இருக்க மாட்டார்; பெருமூச்சு விடாமல் அந்த ஒரு முழத்தை எட்டிப் பிடிப்பார். பிடித்ததும் நீங்கள் இன்னொரு முழம் போங்கள். இருவரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு வீட்டுக் கடன், பிள்ளையின் எஸ்பிஎம், செம்பனை விலை என்று சாவகாசமாக இருக்கட்டும். வார்த்தைகள் மட்டும் குறைந்துகொண்டே வரும். முதலில் முழு வாக்கியம், பிறகு அரை வாக்கியம், கடைசியில் "ஆமா", "ம்". 30இல் தொடங்கிய வேகம் யாரும் கூட்டாமலே 33க்கு வந்திருக்கும். "நான் கூட்டலைங்க, அவர்தான்" என்று இருவரும் சத்தியம் செய்யலாம். இருவர் சொல்வதும் உண்மை.

அந்த மூன்று கிலோமீட்டர் சின்ன விஷயமாகத் தெரியும். காற்றைப் பிளக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 30இலிருந்து 33க்குப் போனால் காற்றுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொட்ட வேண்டும். "இன்னைக்கு இதயத்துடிப்பைக் கீழேயே வச்சுக்கணும்" என்று பயிற்சித் திட்டத்தோடு வந்தவர்கள் அத்தனை பேரையும், ஒரு முழம் ரப்பரை வைத்து நீங்கள் நாசம் செய்திருக்கிறீர்கள். இதைவிடச் சிக்கனமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

7. முன்னால் போகாதீர்கள்.

பெல்ஜியத்து ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனும் அவருடைய குழுவும் 121 ஓட்டிகள் கொண்ட கூட்டத்தின்மேல் காற்று எப்படிப் பாய்கிறது என்று கணித்து 2018இல் வெளியிட்டார்கள். கூட்டத்தின் நடுவே, பின்பக்கமாகப் பதுங்கியிருப்பவர்மேல் படும் காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவருக்கு இருப்பதில் வெறும் 5 முதல் 10 விழுக்காடுதானாம். நம் கூட்டத்தில் 121 பேர் இல்லை. பன்னிரண்டு பேர் வந்தால் பெரிது. அதனால் என்ன? அகலமான முதுகாகப் பார்த்துப் பின்னால் ஒண்டுங்கள். ஒரே ஒரு முதுகின் பின்னால் இருந்தாலும் உங்கள் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

முறை வரும்போது தப்பிக்கச் சில வழிகள்: தண்ணீர்ப் புட்டியை எடுங்கள். செயினைக் குனிந்து பார்த்து முகத்தைச் சுளியுங்கள். "ஏதோ சத்தம் வருது" என்று பொதுவாகச் சொல்லுங்கள். போன் வந்ததுபோல் முதுகுப் பையைத் தொடுங்கள். எல்லாம் தீர்ந்துவிட்டால், முன்னால் இருப்பவரைப் பாராட்டத் தொடங்குங்கள்: "அண்ணே, நல்லா இழுக்கிறீங்கண்ணே! இப்படியே போவோம்." பாராட்டப்பட்ட மனிதன் பாகான் செராய் வரை இறங்க மாட்டான்.

8. தள்ளிவிட்டு முன்னால் அனுப்பிவிட்டார்களா? உடனே வேகத்தை நான்கு கிலோமீட்டர் கூட்டுங்கள்.

இதுவரை ஓய்வில் இருந்தவர் நீங்கள். இதுவரை இழுத்தவர் இப்போதுதான் பின்னால் நழுவிக் கடைசிச் சக்கரத்தைப் பிடிக்கத் தவித்துக்கொண்டிருக்கிறார். அவர் அதைப் பிடிக்கக் கூடாது. அரை நிமிடம் புயலாக ஓட்டி, முழங்கையை ஆட்டிவிட்டு ஒதுங்குங்கள். மாலையில் "நானும் முன்னால இழுத்தேன்" என்பது வரலாறு.

9. நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள்.

2021 ஆகஸ்ட் 8, டோக்கியோ ஒலிம்பிக், கெய்ரின் இறுதிப் போட்டி. நம் அசிசுல்ஹஸ்னி அவாங் ஓடினார்; நாடே தொலைக்காட்சி முன்னால் இருந்தது. வேகம் காட்டும் மோட்டார் வண்டிக்கு நேர் பின்னால் பிரிட்டனின் ஜேசன் கென்னி. அவருக்குப் பின்னால் ஆஸ்திரேலியாவின் மேத்யூ கிளேட்சர், கொஞ்சம் இடைவெளி விட்டார். கென்னி திரும்பிப் பார்த்தார். மோட்டார் வண்டி விலகியதும், மூன்று சுற்று மீதம் இருக்கும்போதே, பாய்ந்துவிட்டார். கிளேட்சருக்குப் பின்னால் இருந்தவர்கள் நிலைமையைப் புரிந்துகொள்வதற்குள் தங்கம் பாதி வழி போய்விட்டது. அசிசுலுக்கு வெள்ளி. அதுவும் மலேசியாவுக்குப் பெருமைதான். ஆனாலும் அந்த இடைவெளியை இன்றைக்கும் பசியாறும் கடைகளில் கையால் அளந்து காட்டுகிறவர்கள் உண்டு.

நீங்கள் கூட்டத்தின் நடுவில் இருந்துகொண்டு சற்றே மிதிப்பதை நிறுத்துங்கள். உங்களுக்கு ஒரு காடி நீளம் இடைவெளி விழும். உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஆறு பேருக்கு அது தெரியாது. உங்கள் முதுகுதான் தெரியும். முன்கூட்டம் நூறு மீட்டர் போன பிறகு பக்கத்தில் ஒதுங்கி, "போங்க போங்க, நான் சும்மா வர்றேன்" என்று பெருந்தன்மையாக வழிவிடுங்கள்.

10. வயல்வெளியில் சாலையோரத்தை ஒட்டியே ஓட்டுங்கள்.

புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தையும் அதன் வாய்க்கால்களையும் 1906இல் கட்டி முடித்தவர்கள் கிரியான் சமவெளியில் நெல் விளைய வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். சைக்கிள்காரனுக்கு ஒதுங்க ஒரு மரம் விட்டுவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. வெட்டவெளி, வரப்பு, பறவைக்கூடு எடுக்கக் கட்டிய சன்னல் இல்லாத உயரக் கட்டடங்கள், அப்புறம் காற்று. வலப்பக்கமிருந்து காற்று அடித்தால் மறைவு கிடைக்கும் இடம், முன்னால் இருப்பவரின் இடப்பின்புறம். ஆகவே முன்னால் இருக்கும்போது இடது ஓரத்தின் கடைசி அங்குலத்தில் ஓட்டுங்கள். மற்றவர்கள் ஒதுங்க வேண்டிய இடம் அப்படியே வாய்க்காலுக்குள் போய்விடும். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நீளமாகத் தொங்கிக்கொண்டு வருவது பின்னால் திரும்பிப் பார்க்க மிகவும் அழகாக இருக்கும்.

11. குழியைக் காட்டாதீர்கள்.

கையை எடுத்தால் வேகம் குறையும். அல்லது எதிர்மாறாக எல்லாவற்றையும் காட்டுங்கள்: இலை, நிழல், நேற்றைய மாட்டுச் சாணம், நாயே இல்லாத நாய். அரை மணி நேரத்தில் யாரும் உங்கள் கையை நம்ப மாட்டார்கள். பிறகு செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும்போது கத்துங்கள்.

12. மழைக்காலத்தில் மட்கார்டு மாட்டாதீர்கள்.

இங்கிலாந்தில் பல சங்கங்கள் குளிர்காலத்தில் நீண்ட மட்கார்டு இல்லாதவரைக் கூட்டத்தில் சேர்ப்பதே இல்லை. அவர்கள் பழைய காலத்து ஆட்கள். மட்கார்டு வண்டியின் அழகைக் கெடுக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் உங்கள் பின்சக்கரம் எழுப்பும் சேற்றுத் தண்ணீரில் கொஞ்சம்தான் உங்கள் முதுகில் விழும். மீதி நேராகப் பின்னால் வருபவரின் வாய்க்குப் போகிறது. அறுவடை இயந்திரம் சாலையில் உதிர்த்துவிட்டுப் போன வயல்சேறும் அதில் உண்டு.

13. புதியவர்.

இப்போது அவரிடம் வருவோம். இந்தப் படியை அவசரப்படாமல், ரசித்துச் செய்ய வேண்டும்.

அவர் மச்சானிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் வந்திருப்பார். இருக்கை இரண்டு விரல் தாழ்வாக இருக்கும், அதைச் சொல்லாதீர்கள். யுஎஸ்எம் பொறியியல் வளாகத்துப் பக்கம் ஏதோ ஒரு தாமானில் இருக்கிறார், இருவாரமாகத்தான் ஓட்டுகிறார். சனிக்கிழமை நீங்கள் போட்ட 26, 27 செய்தியை மனைவிக்கும் காட்டிவிட்டு வந்திருக்கிறார். கும்பிட்டு வரவேற்றுவிடுங்கள். "பயப்படாதீங்க தம்பி, நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள்.

கோலா குராவ் திருப்பத்தில் அவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருப்பார். நாம் வாக்குக் கொடுத்தவர்கள். ஆகவே நின்று காத்திருங்கள். தண்ணீர் குடியுங்கள், வாழைப்பழம் உரியுங்கள், படம் எடுங்கள், ஒருவர் சிறுநீர் கழித்துவிட்டும் வரலாம். இதயத்துடிப்பு முழுதாக இறங்கிவிடும். பத்து நிமிடம் கழித்து அவர் வந்து சேருவார். முகம் செம்பனைப்பழ நிறத்தில் இருக்கும். ஒரு காலைத் தரையில் ஊன்றி, புட்டியின் மூடியைப் பல்லால் இழுக்கப் போவார். அந்த நொடியில், "ஆங், எல்லாரும் வந்தாச்சு! போலாமா?" என்று சொல்லிக் கிளம்புங்கள்.

கவனித்தீர்களா? யாரையும் நாம் விட்டுவிட்டுப் போகவில்லை. வேகமாக வந்தவருக்குப் பத்து நிமிட ஓய்வு, களைத்து வந்தவருக்கு ஒன்றுமில்லை. இதையே ஒவ்வொரு சந்திப்பிலும் செய்யுங்கள். அடுத்த ஞாயிறு அவர் வராதபோது, "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை" என்று வருந்துங்கள். சங்கத்தில் ஏன் எல்லாருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது என்று ஆண்டுக் கூட்டத்தில் விவாதிக்கவும் பொருள் கிடைக்கும்.

14. நீங்களே பின்தங்கிவிட்டால்

பதற்றம் வேண்டாம். படி 2இல் கட்டிய முன்பணத்தை இப்போது எடுக்காதீர்கள், அது அவசரத்துக்கு. முதலில் பண்பாட்டைப் பயன்படுத்துங்கள். நம் ஊரில் கலிடோனியா தோட்டத்தில் 99 கதவு மாளிகை என்று ஒன்று பாழடைந்து நிற்கிறது. தோட்டத்துரை ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் 1948இல் அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருகாலத்தில் கரும்பும் பிறகு ரப்பரும் விளைந்த இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் உழைத்தது உங்கள் கொள்ளுத்தாத்தாவாகவும் இருக்கலாம். "மாளிகையப் படம் எடுக்க நின்னுட்டேன்" என்றால் எவர் மறுத்துப் பேசுவார்? மாளிகை இன்றைய பாதையிலேயே இல்லை, அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று ஒரு சிலர் முணுமுணுக்கலாம். வரலாற்று உணர்வில்லாதவர்கள்.

அதுவும் எடுபடாவிட்டால் இருக்கவே இருக்கிறது: "நான் இன்னைக்கு வேணும்னேதான் மெதுவா வந்தேன். அடித்தளப் பயிற்சி." கூட்டத்திலேயே சரியான பயிற்சி செய்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பது தற்செயல். இதை அடிக்கடி செய்யாதீர்கள், பழகிவிடும்.

15. இரும்புச் சைக்கிள் பெரியவர்.

எப்போதாவது, தனியாகத் தொங்கிக்கொண்டு வரும்போது, கேரியரில் மாட்டுக்குப் புல்லுக்கட்டு வைத்த ஒரு பெரியவர் செருப்புக் காலோடு உங்களைத் தாண்டிப் போவார். "என்ன தம்பி, சைக்கிள் ரிப்பேரா?" என்று அக்கறையாகக் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள். அவரோடு போட்டிக்குப் போகாதீர்கள். ஜெயித்துவிடுவார். பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், புல்லுக்கட்டு நல்ல அகலம்.

16. பசியாறும்போது.

ரொட்டி சானாய் இரண்டு, தே தாரிக் ஒன்று, யாரும் பார்க்காதபோது இன்னொரு ரொட்டி, முட்டை போட்டு. ஸ்ட்ராவாவில் பயணத்தை ஏற்றும்போது "சும்மா கால் நீட்டினோம்" என்று தலைப்பிடுங்கள். இதயத்துடிப்பை மறைத்துவைக்க அதில் வசதி உண்டு, அதை அமுக்குங்கள். சராசரி வேகத்தை மறைக்காதீர்கள்.

17. பிப்ரவரி முடிவில் முன்னேற்றத்தை அளவிடுங்கள்.

நான்கு மாதம் ஞாயிறுதோறும் பந்தயம் ஓட்டியிருக்கிறீர்கள். உண்மையான பந்தயம் வரும்போது காலில் ஒன்றும் மிச்சமிருக்காது. காரணம் வண்டியின் எடை. உலகச் சைக்கிள் ஒன்றியம் போட்டி வண்டிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு 6.8 கிலோ. உங்களுடையது 8.1. அந்த 1.3 கிலோதான் இவ்வளவு நாளும் உங்களைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது என்று வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள், கார்பன் சக்கரத்தின் விலையைக் கடைசியில் சொல்லுங்கள். கடைக்காரர் புதுச் சக்கரத்தை மாட்டி, வண்டியைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எண்ணைக் காட்டுவார். அதைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். கடை வாசலில் காசு போட்டால் ஆள் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று நிற்கும். அதன்மேல் ஏறாதீர்கள்.